தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் கணினி விளையாட்டைப் பாடத்தோடு சேர்ப்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எண்ணெய் தரும் செம்பனையும் ரப்பரும் சூழ்ந்த ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் கணிதமும், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடமும் கற்பித்து வருகிறேன். எங்கள் கணினி அறையிலுள்ள 14 கணினிகளில் 9 மட்டுமே ஒழுங்காக இயங்குகின்றன. மழை இருட்டிக்கொண்டு வந்தால் முதலில் இணையம் போகும், சில நாள்களில் மின்சாரமும் போகும். விளையாட்டு வழிக் கற்பித்தலைப் பற்றி நான் படித்த குறிப்புகளில் பெரும்பாலானவை, மாணவருக்கு ஒரு கணினியும் தடையற்ற இணையமும் இருப்பதாக எண்ணி எழுதப்பட்டவை. இந்த வழிகாட்டி அவை இல்லாத பள்ளிகளுக்கானது.

விளையாட்டு பிள்ளைக்கு ஓர் அனுபவத்தைக் கொடுக்கிறது. அந்த அனுபவம் அறிவாக மாறுவது, விளையாடி முடித்தபின் வகுப்பில் நடக்கும் பேச்சில்தான். இதை நான் முதல் ஆண்டிலேயே புரிந்துகொண்டிருந்தால் பல பாடவேளைகள் வீணாகாமல் இருந்திருக்கும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்தப் பேச்சுக்கு இடம் ஒதுக்குவதற்காகவே அமைந்தது.

பாடத்திலிருந்து தொடங்குங்கள்

நல்ல விளையாட்டு ஒன்று கிடைத்துவிட்டது, அதை எந்தப் பாடத்தில் நுழைக்கலாம் என்று தேடுவது தலைகீழான வேலை. கலைத்திட்டத் தர ஆவணத்தை எடுத்து, உங்கள் வகுப்பு எந்தக் கற்றல் தரத்தில் தடுமாறுகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஏழாம், எட்டாம் வாய்பாடு நினைவில் நிற்கவில்லையா, பின்னங்களை ஒப்பிடத் தெரியவில்லையா, லகர ளகர ழகரச் சொற்களை எழுதும்போது குழப்பமா என்று தெளிவாக எழுதிக்கொண்ட பிறகுதான் விளையாட்டைத் தேட வேண்டும். தேடிக் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பாடத்தை வழக்கம்போல் நடத்திவிடுங்கள். எல்லாப் பாடத்துக்கும் விளையாட்டு தேவைப்படுவதில்லை.

பிள்ளைகள் விரும்புகிறார்கள் என்பது மட்டும் போதிய காரணமாகாது. 2013ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர் பீட்டர் வவுட்டர்ஸ் குழுவினர், அதற்கு முன் வெளிவந்த பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். கற்றலிலும் நினைவில் நிற்பதிலும் விளையாட்டு வழி முறை வழக்கமான முறையைவிட நல்ல பலன் தந்திருந்தது. ஆனால் மாணவரின் ஊக்கத்தில் அப்படி உறுதியான வேறுபாடு தெரியவில்லை. வேறு கற்பித்தல் முறையோடு சேர்த்து, ஒரே நாளில் முடிக்காமல் பல அமர்வுகளாக, குழுக்களாக விளையாடியபோது பலன் கூடியிருந்தது. தோட்டப்புறப் பள்ளிக்கு இது நல்ல செய்தி: கணினி போதாததால் நாம் குழுவாக விளையாட வைப்பது குறையாகாது.

வகுப்புக்கு முன் மூன்று முறை விளையாடிப் பாருங்கள்

முதல் முறை இயல்பாக விளையாடுங்கள். இரண்டாம் முறை வேண்டுமென்றே எல்லா விடையையும் தவறாகக் கொடுங்கள். தவறு செய்த பிள்ளையிடம் விளையாட்டு எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிய வேறு வழியில்லை. சிவப்புக் குறியைக் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவும் விளையாட்டு எதையும் கற்றுக்கொடுக்காது. ஏற்கெனவே தெரிந்ததைப் பழக்கப்படுத்த மட்டுமே உதவும். தவறிய இடத்தைக் காட்டி, மறுபடியும் முயலச் செய்யும் விளையாட்டுதான் புதிய பாடத்துக்கு ஏற்றது. மூன்றாம் முறை கேள்வியைப் படிக்காமலே பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள். அப்படியே கடைசிவரை போக முடிந்தால், ஒரு வாரத்துக்குள் உங்கள் மாணவர்களும் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பின்ன விளையாட்டு ஒன்றில் எல்லாச் சுற்றையும் முடித்துவிட்டான் என்று மகிழ்ந்து அருகில் சென்றேன். அவன் கண்கள் கேள்வியின் பக்கமே போகவில்லை, நான்கு விடைகளையும் வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தான். அவன்மீது குற்றமில்லை. சோதிக்காமல் கொடுத்தது நான்.

இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: விளையாட்டில் வெல்வதற்குப் பிள்ளை செய்யும் வேலையும் பாடம் கேட்கும் வேலையும் ஒன்றாக இருக்கின்றனவா? வாகனத்தை ஓட்டிக்கொண்டே போய், இடையிடையே நிறுத்திக் கூட்டல் கணக்குப் போட வைக்கும் விளையாட்டில், பிள்ளைக்கு வாகனம்தான் இன்பம், கணக்கு தடை. வேப்பங்காய்க்கு வெல்லம் பூசுவது போன்றது அது. வெல்லத்தை நக்கிவிட்டுக் காயைத் துப்பிவிடுவார்கள்.

இணையமில்லாமல் இயங்குபவை

எங்கள் பள்ளியில் அதிகம் உழைத்தது டக்ஸ் மேத் என்ற இலவச விளையாட்டு. வானிலிருந்து எரிகற்கள் விழும். ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு இருக்கும். விடையைத் தட்டச்சு செய்தால் கல் உடையும், தவறினால் கீழே பென்குயின்கள் வாழும் பனிவீடு சேதமாகும். எந்த வாய்பாடு வரவேண்டும் என்பதை ஆசிரியரே தேர்ந்தெடுக்கலாம். பழைய கணினியிலும் ஓடும், இணையம் தேவையில்லை, விளம்பரம் வராது. விடையைத் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால் ஊகித்து அழுத்தவும் முடியாது. ஜிகோம்ப்ரி என்ற இலவசத் தொகுப்பில் 100க்கும் மேற்பட்ட சிறு பயிற்சிகள் உள்ளன. சுட்டியைப் பிடிக்கப் பழகுவது முதல் கடிகாரம் பார்ப்பது வரை முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதிலேயே போதுமானவை கிடைக்கும். இவற்றின் நிறுவல் கோப்புகளை நகரத்தில் நல்ல இணையம் கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கம் செய்து பென்டிரைவில் கொண்டுவந்து, பாடத்துக்கு முதல் நாளே எல்லாக் கணினியிலும் நிறுவி, ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கட்டைகளை அடுக்கிக் கட்டடங்கள் எழுப்பும் மைன்கிராஃப்ட் விளையாட்டின் கல்விப் பதிப்பு பரப்பளவு, சுற்றளவு, கன அளவு கற்பிக்க மிகச் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கு உரிமமும் ஓரளவு புதிய கணினியும் வேண்டும். கல்வி அமைச்சு 2020இல் தொடங்கிய டெலிமா என்ற இணையவழிக் கற்றல் தளத்தின் கணக்கைக் கொண்டு உங்கள் பள்ளியில் எவற்றையெல்லாம் திறக்க முடிகிறது என்பதை, தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாசிரியரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு முடிவெடுங்கள்.

ஒரு கணினிக்கு மூன்று பிள்ளைகள்

1971இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியரும் அவருடைய நண்பர்கள் இருவரும் வரலாற்று வகுப்புக்காக ஓரிகன் டிரெயில் என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். மாட்டுவண்டியில் மேற்கு நோக்கிப் போன குடியேறிகளின் பயணம் அது. வகுப்பில் இருந்தது ஒரே ஒரு தொலைத்தட்டச்சு இயந்திரம். திரைகூடக் கிடையாது, தாளில் அச்சாகி வரும் வரிகளைப் படித்துத்தான் விளையாட வேண்டும். மாணவர்கள் அதைச் சுற்றிக் குழுவாக நின்று, தட்டச்சு செய்பவர், வரைபடம் பார்ப்பவர் என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். கல்வி விளையாட்டின் தொடக்க காலத்தில் பிள்ளைகள் இப்படி, கூட்டமாக ஓர் இயந்திரத்தைச் சுற்றித்தான் நின்றார்கள் என்பதைக் கணினி போதவில்லையே என்று வருந்தும் சக ஆசிரியர்களுக்கு நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு.

நான் பின்பற்றும் முறை இது. மூவரில் ஒருவர் கை, ஒருவர் வாய், ஒருவர் ஏடு. கையாக இருப்பவர் சுட்டியையும் விசைப்பலகையையும் தொடலாம், ஆனால் பேசக்கூடாது, வாயாக இருப்பவர் சொல்வதை மட்டுமே செய்ய வேண்டும். வாயாக இருப்பவர் எதையும் தொடாமல், என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்று தமிழில் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஏடாக இருப்பவர் விடைகளையும் தடுமாறிய இடங்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து மாற்றுங்கள். 'அத அமுக்கு, இல்ல, அந்தப் பக்கம்' என்று தொடங்கும் பிள்ளை இரண்டு வாரத்துக்குள் 'இரண்டாவது வரிசையில் இடப்பக்கம் இருப்பதை அழுத்து, அது பாதிக்குச் சமம்' என்று சொல்லத் தொடங்கிவிடுகிறது. கணிதப் பாடத்தில் மொழிப் பாடமும் சேர்ந்து நடப்பதைக் கேட்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. மாணவர் எண்ணிக்கை குறைந்து இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒன்றாக அமரும் இணைந்த வகுப்புகளில், மூத்த பிள்ளைக்கு முதலில் ஏட்டு வேலையைக் கொடுங்கள். இல்லாவிட்டால் தம்பி தங்கைகளுக்கு வாய்ப்பே கிடைக்காது.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

நம் பள்ளிகளில் ஒரு பாடவேளை 30 நிமிடம்தான். கணினி அறைக்கு வரிசையாக நடந்து போய் அமரவே 5 நிமிடம் ஆகிவிடும். ஆகவே இரட்டைப் பாடவேளை உள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள். முதல் 10 நிமிடம், கணினியைத் திறக்காமல், இன்று எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதி விளக்குங்கள். அடுத்த 20 நிமிடம் விளையாட்டு. பிறகு திரைகளை அணைத்துவிடுங்கள். திரை எரிந்துகொண்டிருக்கும்வரை எந்தப் பிள்ளையின் காதும் உங்களுக்குக் கிடைக்காது. அடுத்த 15 நிமிடம் பேச்சு, கடைசி 10 நிமிடம் ஏட்டில் எழுதுதல்.

பேச்சு எப்படிப் போக வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி டக்ஸ் மேத்தில் 8 × 7 என்ற கல் பாதி வானம் இறங்கும்வரை விடை தராமல், உதட்டை அசைத்துக்கொண்டு, வலக்கை விரல்களை மேசையின் விளிம்பில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். கல் பனிவீட்டைத் தொடும் நேரத்தில் 56 என்று அடித்தாள். பிறகு வகுப்பில் அவளை எழுப்பி, எப்படி வந்தது என்று கேட்டேன். "ஏழேழு நாப்பத்தொம்பது எனக்குத் தெரியும் டீச்சர், அதோட இன்னொரு ஏழக் கூட்டுனேன்" என்றாள். உடனே பின்வரிசையிலிருந்து ஒருவன், தான் நாலேழு இருபத்தெட்டை இரட்டித்ததாகச் சொன்னான். இரண்டு வழிகளையும் கரும்பலகையில் எழுதி, 8 × 6க்கு எது எளிது, 9 × 7க்கு எது எளிது என்று விவாதித்தோம். அந்த விவாதத்துக்குத் தேவையான கணக்கை விளையாட்டு கொடுத்தது. பெருக்கலைப் பிரித்துச் சேர்க்கலாம் என்ற அறிவு, திரைகள் அணைந்த பிறகே வந்தது.

வேகத்துக்குப் புள்ளி கொடுக்கும் புதிர்ப் போட்டிகளில் மிகுந்த கவனம் தேவை. நான் தொடங்கிய ஆண்டில் அப்படி ஒன்றை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடத்தினேன். ஒன்பது கேள்விகளுக்குச் சரியான விடை சொன்ன மாணவி, ஏழு மட்டும் சரியாகச் சொன்னவனுக்குக் கீழே திரையில் பெயர் வந்ததைப் பார்த்தாள். அவள் நிதானமாகப் படித்து விடை சொல்பவள். மூன்றாம் வாரம் அவள் கேள்வியைப் படிப்பதையே நிறுத்திவிட்டு, எல்லாரையும்போல் முதலில் தெரிந்த பொத்தானை அழுத்தத் தொடங்கினாள். நிதானத்தை ஒரு குறையாக நான்தான் அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன். இப்போது நேரக் கணக்கை அணைக்க முடிகிற விளையாட்டுகளை மட்டும் எடுக்கிறேன், தரவரிசைப் பட்டியலைக் காட்டுவதில்லை, புள்ளியைக் குழுவுக்கே சேர்க்கிறேன்.

பிள்ளைகளே விளையாட்டைச் செய்யும்போது

நான்காம் ஆண்டிலிருந்து வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நிரலாக்கம், அதாவது கணினிக்குக் கட்டளைகள் எழுதுவது, வருகிறது. அதற்கு ஸ்கிராட்ச் மிகப் பொருத்தமானது. அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட இந்த இலவச மென்பொருளில், கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று கோத்தால் நிரல் தயார். கணினியில் நிறுவிக்கொண்டால் இணையமும் பயனர் கணக்கும் தேவையில்லை. 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு, எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் பயன்படுத்தக்கூடிய ஸ்கிராட்ச் ஜூனியர் உள்ளது. அதற்குத் தட்டைக் கணினி ஒன்று போதும்.

நான் நடத்தியவற்றுள் மிகுந்த பலன் தந்த பாடம் ஒரு கூடை விளையாட்டு. மேலிருந்து சொற்கள் விழும்; அம்புக்குறி விசைகளால் கூடையை நகர்த்தி, சரியாக எழுதப்பட்ட சொல்லை மட்டும் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் சொற்களைத் தாளில் எழுதி, நாங்கள் அவற்றைப் படமெடுத்து ஏற்றினோம். அவர்களுடைய கையெழுத்தே திரையில் விழுவதைப் பார்த்து வகுப்பே ஆரவாரித்தது. 'பழம்' பிடித்தால் ஒரு புள்ளி, 'பளம்' பிடித்தால் ஒரு புள்ளி குறைவு. அடுத்து 'வாழை', 'வாளை' என்ற இணையைச் சேர்த்தார்கள். அங்கே சிக்கல் வந்தது. மீன் பிடிக்கப் போகும் தாத்தாவைக் கொண்ட ஒரு மாணவன் எழுந்து, வாளை என்பது மீன், அதைத் தவறு என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டான். அகராதியை எடுத்தோம். அவன் சொன்னது சரி. அதன்பின் 'விழி', 'விளி' என்றும், 'தலை', 'தளை', 'தழை' என்றும் ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினார்கள். இரண்டுமோ மூன்றுமோ சொற்களாகவே இருந்தன. தனியே நிற்கும் சொல்லைச் சரி, தவறு என்று சொல்ல முடியாது, பொருளோடு பார்த்தால்தான் தெரியும் என்பதை யாரும் சொல்லாமலே அவர்கள் கண்டுகொண்டார்கள். கூடையின்மேல் ஒரு படம் வைத்து, அந்தப் படத்துக்குரிய சொல்லை மட்டும் பிடிக்கும்படி விளையாட்டை மாற்றினார்கள். எழுத்துப்பிழை திருத்தும் பயிற்சித்தாள் எதிலும் எனக்கு இப்படி ஒரு விவாதம் கிடைத்ததில்லை.

இதற்கு நான்கு வாரம் தேவைப்படும். முதல் வாரம் தாளில் மட்டும் திட்டமிடுங்கள்: என்ன அசைகிறது, எது புள்ளி தரும், எப்போது முடியும். விதி என்றால் என்ன என்பது பிடிபடவில்லை என்றால் பல்லாங்குழியோ, அதைப் போன்ற மலாய் விளையாட்டான சோங்காக்கோ ஒருமுறை விளையாட வைத்து, அதன் விதிகளை எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் வாரம் கூடையை மட்டும் நகர்த்தினால் போதும். மூன்றாம் வாரம் சொற்களும் புள்ளியும். நான்காம் வாரம் வேறு குழுவிடம் கொடுத்து விளையாட வைத்து, குறைகளைக் கேட்டுத் திருத்த வேண்டும்.

வீட்டாரும் இதில் நல்ல சோதனையாளர்கள். செம்பனைக் குலை வெட்டும் விளையாட்டு ஒன்றைச் செய்த குழு, எந்தக் குலையை வெட்டினாலும் புள்ளி கிடைக்கும்படி அமைத்திருந்தது. பள்ளிக்கு வந்திருந்த ஒரு தந்தை, குலை வெட்டுபவர், அதைப் பார்த்துவிட்டு, "உதிரிப் பழம் கீழ விழுந்திருந்தாத்தான்ப்பா குல பழுத்திருக்கு, காய வெட்டுனா காசு போயிரும்" என்றார். மறுநாளே மரத்தடியில் உதிரிப் பழங்கள் கிடந்தால் மட்டும் புள்ளி, காய்க்குலை வெட்டினால் புள்ளிக் குறைப்பு என்று நிபந்தனைக் கட்டையைச் சேர்த்தார்கள்.

பெற்றோரும் கைப்பேசியும்

'கேம்' என்ற சொல்லைக் கேட்டதும் பல தாய்மார்களுக்கு, இரவு முழுதும் கைப்பேசியோடு கிடக்கும் மூத்த மகன்தான் நினைவுக்கு வருகிறான். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பேச வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் விளக்கவுரை தருவதைவிட, பெற்றோரைக் கணினி அறைக்கு அழைத்துப் போய் அவர்கள் பிள்ளையே சொல்லிக்கொடுக்க 10 நிமிடம் விளையாட வைப்பது நல்லது.

மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பது விதி. எனவே கைப்பேசியை நம்பி எந்தப் பாடத்தையும் திட்டமிடாதீர்கள். விளையாட்டை வீட்டுப்பாடமாகவும் கொடுக்காதீர்கள். பல வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசி, அது தந்தையோடு விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்விடும். வீடு திரும்பும்போது தரவு தீர்ந்திருக்கும். கொடுத்தால் இருப்பவர் செய்வர், இல்லாதவர் மறுநாள் தலைகுனிந்து நிற்பர். இணைய விளையாட்டு எதற்காவது கணக்குத் தொடங்க வேண்டியிருந்தால் பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த நாள், படம் எதையும் கொடுக்காமல், குழுவுக்கு ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ வைத்துக்கொள்ளுங்கள். அந்நியரோடு உரையாடும் வசதி உள்ள விளையாட்டையும், பணம் கட்டச் சொல்லும் விளையாட்டையும் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம்.

மதிப்பீடு

ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் என்ற அரசுத் தேர்வு 2021இல் அகற்றப்பட்டபின் வகுப்புசார் மதிப்பீட்டின் பொறுப்பு முழுதும் ஆசிரியர் கையில் இருக்கிறது. விளையாட்டில் எடுத்த புள்ளியை அப்படியே அடைவுநிலையாகப் பதிவு செய்வது தவறு. அதில் விரல் வேகமும் குழுவின் உதவியும் கலந்திருக்கும். ஏட்டு வேலையில் எழுதப்பட்ட தடுமாற்றக் குறிப்புகளையும், பேச்சு நேரத்தில் பிள்ளை சொன்ன காரணத்தையும் பார்த்து, ஐயமிருந்தால் அதே கணக்கைத் தாளில் கொடுத்துப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு பாடம் முடிந்ததும் விளையாட்டின் பெயர், கற்றல் தரம், எந்தக் கணினியில் ஓடவில்லை, எந்தக் கேள்வி நல்ல பேச்சைக் கிளப்பியது ஆகியவற்றை ஒரு தடித்த ஏட்டில் நான்கு வரி எழுதி வையுங்கள். நமக்கு இடமாற்றம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அடுத்து வரும் ஆசிரியர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கக் கூடாது. எங்கள் பள்ளியில் அந்த ஏடும், நிறுவல் கோப்புகள் அடங்கிய பென்டிரைவும், கணினி அறைச் சாவி தொங்கும் ஆணியிலேயே ஒரு துணிப்பையில் தொங்குகின்றன.